கணினி கேள்வி – பதில்: அடாப்டர் வழியே கூடுதல் மானிட்டர்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, லேப்டாப்புடனோ டெஸ்க்டாப்புடனோ இரண்டாவது, மூன்றாவது மானிட்டரை அடாப்டர் மூலம் இணைக்கும்போது எழும் சிக்கல்களைப் பற்றியவை. ஆகவே அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒத்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் லேப்டாப்பில் ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டும் இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டுகளும் உள்ளன. எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு மானிட்டர் நன்றாக இயங்குகிறது. இன்னொரு மானிட்டருக்காக யூஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றை வாங்கினேன். எந்த யூஎஸ்பி-சி போர்ட்டில் செருகினாலும் மானிட்டரில் ‘சிக்னல் இல்லை’ என்றே வருகிறது. அதே அடாப்டர் என்னுடன் பணிபுரிபவரின் லேப்டாப்பில் வேலை செய்கிறது. என் போர்ட்டுகளில் பென்டிரைவும் தடையின்றி இயங்குகிறது. பிழை எங்கே இருக்கிறது?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், எதுவும் பழுதாகவில்லை என்றே தோன்றுகிறது. யூஎஸ்பி-சி என்பது போர்ட்டின் வடிவத்தை மட்டுமே குறிக்கும். அந்த வடிவத்துக்குள் தரவுப் பரிமாற்றம், மின்னூட்டம், காட்சி ஆகியவற்றில் எவையெவை கிடைக்கும் என்பதை லேப்டாப்பைத் தயாரித்த நிறுவனமே முடிவு செய்கிறது. காட்சியை இந்த போர்ட் வழியே அனுப்பும் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்னும் வசதியை, காட்சி இணைப்புகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2014-இல் அறிவித்தது. ஆனால் அதை ஒவ்வொரு யூஎஸ்பி-சி போர்ட்டிலும் சேர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நீங்கள் வாங்கிய அடாப்டர் தானாக எந்தப் படத்தையும் உருவாக்குவதில்லை. லேப்டாப்பின் கிராபிக்ஸ் பகுதியிலிருந்து போர்ட் வரை வந்து சேரும் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை எச்டிஎம்ஐ சிக்னலாக மாற்றித் தருவது மட்டுமே அதன் வேலை. உள்ளே அந்தச் சிக்னல் போர்ட்டுக்கு இணைக்கப்படவே இல்லையென்றால் அடாப்டருக்கு மாற்றுவதற்கு எதுவும் கிடைக்காது. பென்டிரைவ் இயங்குவது தரவுப் பாதை நலமாக இருப்பதைக் காட்டுகிறதே தவிர, காட்சிப் பாதையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

முதலில் போர்ட்டுகளின் அருகே அச்சிட்டிருக்கும் குறியைப் பாருங்கள். ‘டி’ என்ற எழுத்துக்குள் ‘பி’ அமைந்த டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ, தண்டர்போல்ட்டை (யூஎஸ்பி-சி வடிவிலேயே வரும் அதிவேக இணைப்பை) குறிக்கும் மின்னல் அம்புக்குறியோ இருந்தால் அந்த போர்ட் காட்சியையும் தரும். குறி எதுவும் இல்லாத போர்ட்டிலும் காட்சி வசதி இருக்கக்கூடும். ஆகவே லேப்டாப்பின் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பைத் தேடிப் படிப்பதே உறுதியான வழி. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் துணை எண் வேறுபட்டால் போர்ட்டுகளின் திறனும் வேறுபடலாம் என்பதால், முழு எண்ணையும் சரிபார்க்க வேண்டும்.

வசதி இருப்பதாக விவரக்குறிப்பு சொல்லியும் படம் வரவில்லையென்றால் மென்பொருள் பக்கம் பாருங்கள். விண்டோஸ் விசையையும் ‘பி’ (ஆங்கில எழுத்து வரிசையில் பதினாறாவது) விசையையும் சேர்த்து அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், ‘பி’ (ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவது) ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மீண்டும் தொடங்குவதால் திரை ஒரு கணம் இருண்டு திரும்பும். பல நேரங்களில் விட்டுப்போன மானிட்டர் இதிலேயே தென்பட்டுவிடும்.

போர்ட்டில் காட்சி வசதி இல்லை என்று உறுதியானால், அதே வகையில் வேறொரு அடாப்டரை வாங்கிப் பார்ப்பது வீண் செலவு. உங்களுக்குத் தேவை டிஸ்ப்ளேலிங்க் போன்ற சிப் கொண்ட யூஎஸ்பி கிராபிக்ஸ் அடாப்டர். இது படத்தைக் கணினியிலேயே மென்பொருளால் சுருக்கி, சாதாரண யூஎஸ்பி தரவாக வாங்கி, தனக்குள் விரித்து மானிட்டருக்குத் தருகிறது. அதற்கான டிரைவரை நிறுவ வேண்டும். பிராசசருக்குச் சற்றுக் கூடுதல் வேலை இருக்கும். எழுத்துப்பணி, கணக்குப்பணி, மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வேகமான விளையாட்டுகளுக்கும் நுணுக்கமான வீடியோ தொகுப்புக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: யூஎஸ்பி-சி ஹப் ஒன்றின் வழியே 4கே மானிட்டரை இணைத்திருக்கிறேன். படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் மவுஸ் அம்பு இழுபடுவதுபோல் நகர்கிறது. அமைப்புகளில் 30 ஹெர்ட்ஸ் மட்டுமே காட்டுகிறது. மானிட்டரின் பெட்டியில் 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

பதில்: மானிட்டரின் பெட்டி பொய் சொல்லவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். 3840 × 2160 பிக்சல்கள், பிக்சலுக்கு 24 பிட், நொடிக்கு 60 முறை (அதுவே 60 ஹெர்ட்ஸ்) என்றால் நொடிக்கு ஏறத்தாழ 12 ஜிகாபிட் தேவை. வரிகளுக்கிடையே விடப்படும் இடைவெளியும் சேர்ந்தால் இன்னும் சற்றுக் கூடும். யூஎஸ்பி-சி போர்ட்டில் அதிவேகத் தடங்கள் நான்கு உண்டு. நேரடி அடாப்டராக இருந்தால் நான்கையும் காட்சிக்கே கொடுத்துவிடலாம். உங்களுடையதைப் போன்ற ஹப்பில் வேகமான யூஎஸ்பி போர்ட்டுகளும் இருப்பதால், பெரும்பாலும் இரண்டு தடங்கள் தரவுக்கும் இரண்டு தடங்கள் காட்சிக்கும் பிரிந்துவிடுகின்றன. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தில் ஒரு தடம் 5.4 ஜிகாபிட் சுமக்கும். குறியாக்கத்துக்குப் போவதைக் கழித்தால் இரண்டு தடங்களில் மிஞ்சுவது 8.64 ஜிகாபிட். அதற்குள் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான் அடங்கும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வழங்கும் லேப்டாப்பில் ஒரு தடம் 8.1 ஜிகாபிட் வரை செல்லும் என்பதால், அதே இரண்டு தடங்களில் 12.96 ஜிகாபிட் கிடைத்து 60 ஹெர்ட்ஸ் நெருக்கமாக அடங்கிவிடும். ஆனால் ஹப்பும் அந்த வேகத்தை ஏற்க வேண்டும்.

இன்னொரு தடையும் இருக்கலாம். ஹப்பின் உள்ளே இருக்கும் மாற்றி எச்டிஎம்ஐ 1.4 தரத்தோடு நின்றுவிட்டால், லேப்டாப் எவ்வளவு திறனுள்ளதாக இருந்தாலும் 4கே படத்துக்கு 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வராது. 60 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 தரம், அதாவது 18 ஜிகாபிட், தேவை. ‘4கே’ என்று மட்டும் அச்சிட்டு ஹெர்ட்ஸ் எண்ணைச் சொல்லாமல் விட்ட ஹப்புகளை நான் 30 ஹெர்ட்ஸ் ஹப்புகள் என்றே எடுத்துக்கொள்வேன். வாங்குபவர்களும் அப்படி எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

புதிதாக எதையும் வாங்கும் முன், ஹப்பை விலக்கிவிட்டு மானிட்டரை லேப்டாப்பின் சொந்த எச்டிஎம்ஐ போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ் வந்தால் மானிட்டரும் கேபிளும் குற்றமற்றவை. தடை ஹப்பிலோ, அது செருகியிருக்கும் யூஎஸ்பி-சி போர்ட்டிலோ இருக்கிறது. அங்கேயும் வராவிட்டால் மானிட்டரின் சொந்த மெனுவில் எச்டிஎம்ஐ தரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சில மானிட்டர்களில் அது 1.4 என்ற நிலையிலேயே வைக்கப்பட்டு வருகிறது. எதுவும் கைகொடுக்காதபோது தெளிவுத்திறனை 2560 × 1440 ஆகக் குறைத்து 60 ஹெர்ட்ஸில் பயன்படுத்தலாம். அதற்குச் சுமார் 5.3 ஜிகாபிட்டும் இடைவெளிக்கான சிறு கூடுதலும் போதும். நாள் முழுவதும் திரையைப் பார்த்து உழைப்பவருக்கு 30 ஹெர்ட்ஸ் கண்ணையும் கையையும் ஒருங்கே களைப்பாக்கும் என்பதால், 4கே-யைச் சிறிது காலம் விட்டுக்கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: இரண்டு எச்டிஎம்ஐ போர்ட்டுகள் உள்ள யூஎஸ்பி-சி ஹப்பில், அலுவலக விண்டோஸ் லேப்டாப்பை இணைத்தால் இரண்டு மானிட்டர்களிலும் வெவ்வேறு படம் வருகிறது. என் சொந்த மேக்புக்கை இணைத்தால் இரண்டிலும் ஒரே படம்தான் வருகிறது. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

பதில்: இதை அமைப்புகளில் மாற்ற முடியாது. உங்கள் ஹப், டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தோடு 2010-இல் வந்த எம்எஸ்டி என்னும் முறையைப் பயன்படுத்துகிறது. ஒரே இணைப்பில் பல மானிட்டர்களுக்கான படங்களைச் சேர்த்து அனுப்பி, ஹப்பில் பிரித்துக்கொள்வது அதன் வழி. விண்டோஸ் இதை ஏற்கிறது. மேக்ஓஎஸ் இந்த முறையில் திரைகளைத் தனித்தனியாக விரிப்பதில்லை. ஆகவே ஹப்புக்கு ஒரே ஒரு படம் கிடைக்கிறது, அதை இரண்டு போர்ட்டுகளிலும் அது நகலெடுத்துத் தருகிறது.

அடுத்து, உங்கள் மேக்புக்கில் எந்தச் சிப் இருக்கிறது என்று பாருங்கள். அடிப்படை எம்1, எம்2 சிப்புகள் கொண்ட மேக்புக்குகள் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் இயக்கும். எம்3 சிப் கொண்ட மேக்புக் ஏர் மூடியை மூடி வைத்தால் இரண்டை இயக்கும். எம்4 சிப் கொண்டது மூடி திறந்திருக்கும்போதே இரண்டை இயக்கும். இரண்டு மானிட்டர்களை ஏற்கும் மேக் உங்களிடம் இருந்தால், இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டுகளிலும் ஆளுக்கொரு எளிய அடாப்டரைச் செருகுவதே சிக்கலற்ற தீர்வு. ஒரே கேபிள்தான் வேண்டுமென்றால் தண்டர்போல்ட் டாக் (ஒரே கேபிளில் பல போர்ட்டுகளைத் தரும் பெட்டி) வாங்க வேண்டும்.

சிப்பே ஒன்றோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால், முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன யூஎஸ்பி கிராபிக்ஸ் அடாப்டர்தான் மிஞ்சும் வழி. மேக்கில் அதன் மென்பொருளை நிறுவியபின், திரையைப் பதிவு செய்யும் அனுமதியை அதற்குக் கொடுக்க வேண்டும். பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். திரையின் படத்தை எடுத்துத்தான் அது மானிட்டருக்கு அனுப்ப முடியும் என்பதால், அந்த அனுமதி இல்லையென்றால் மானிட்டர் இருண்டே கிடக்கும். பதிப்புரிமைப் பாதுகாப்புள்ள திரைப்படங்கள் மேக்கில் இந்த இணைப்பின்போது ஓடாமல் போகலாம் என்பதையும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்கி இரண்டு மானிட்டர்களை இணைத்தேன். இரண்டிலும் ஒரே படம்.

பதில்: ஸ்ப்ளிட்டர் நகலெடுக்க மட்டுமே செய்யும், கணினிக்கு அது ஒரே மானிட்டராகத்தான் தெரியும். திரையை விரிக்க ஸ்ப்ளிட்டரால் இயலாது என்பதால், திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டுக் கணினியில் இரண்டாவது காட்சிப் பாதையைத் தேடுங்கள்.

கேள்வி: புதிய மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே இருக்கிறது, என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டுமே இருக்கிறது. ஒரு முனையில் டிஸ்ப்ளேபோர்ட்டும் மறு முனையில் எச்டிஎம்ஐயும் உள்ள கேபிள் வாங்கினேன். இரண்டு முனைகளும் சரியாகப் பொருந்தியும் படம் வரவில்லை. கேபிளை மாற்றிக் கொடுத்தார்கள்; அதிலும் வரவில்லை.

பதில்: மூன்றாவது கேபிளாலும் வராது, ஏனென்றால் இந்தக் கேபிள்கள் ஒருவழிப் பாதை. பல கணினிகளின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு, எதிரே எளிய அடாப்டர் இருப்பதை உணர்ந்து எச்டிஎம்ஐ வகைச் சிக்னலைத் தானே வெளியிடும் இரட்டைத் திறன் உண்டு. அந்தத் திறனை நம்பித்தான் குறைந்த விலைக் கேபிள்கள் செய்யப்படுகின்றன. அவற்றில் கணினியின் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட்டும் மானிட்டரின் பக்கம் எச்டிஎம்ஐயும் இருந்தாக வேண்டும். எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை வெளியிடத் தெரியாது. உங்கள் திசைக்கு, உள்ளே மாற்றும் சிப் கொண்ட, ‘எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு’ என்று திசையைத் தெளிவாகச் சொல்லும் ஆக்டிவ் அடாப்டர் தேவை. அதில் மின்சாரத்துக்கென ஒரு சிறு யூஎஸ்பி வாலும் இருப்பது வழக்கம். அதைச் செருகாமல் விட்டாலும் படம் வராமல் போகலாம்.

பழைய விஜிஏ மானிட்டரையோ புரொஜெக்டரையோ இணைப்பது பற்றிக் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1987-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ அனலாக் சிக்னலைச் சுமப்பது, எச்டிஎம்ஐ டிஜிட்டல். ஆகவே அங்கும் மாற்றும் சிப் உள்ள அடாப்டர்தான் வேண்டும், விஜிஏ கேபிளில் ஒலியும் வராது. படம் வந்தும் 1024 × 768-க்கு மேல் தேர்வு கிடைக்கவில்லை, விண்டோஸ் அந்த மானிட்டரை ‘ஜெனரிக்’ என்று பெயரிட்டுக் காட்டுகிறது என்றால், மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் இடிஐடி என்னும் குறிப்பு அடாப்டரைத் தாண்டி வரவில்லை என்று பொருள். அடாப்டரையும் விஜிஏ கேபிளையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் எது தடுக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு பொருத்திய பிறகு, மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ போர்ட்டில் இணைத்திருந்த மானிட்டர் அணைந்துவிட்டது. மூன்றாவது மானிட்டராக அதை வைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும், பிராசசரில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இருந்தால். தனி கார்டைக் கண்டதும் பல மதர்போர்டுகள் உள்ளிணைந்த கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ‘ஐஜிபியூ மல்டி-மானிட்டர்’ போன்ற பெயரில் உள்ள தேர்வை இயக்கினால் அந்த போர்ட் மீண்டும் உயிர்பெறும். இன்டெல் பிராசசரின் எண் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அதில் உள்ளிணைந்த கிராபிக்ஸே கிடையாது. எனினும் கார்டிலேயே போர்ட் மீதமிருந்தால் மூன்றையும் கார்டிலேயே இணைத்துவிடுவது மேல். இரண்டு டிரைவர்களைப் பராமரிக்கும் தொல்லை இராது.

கேள்வி: இரண்டு மானிட்டர்களில் ஒன்று மட்டும் அவ்வப்போது ஓரிரு நொடிகள் இருண்டு, மீண்டும் தானாகவே வருகிறது. கேபிளை அழுத்திச் செருகியும் பயனில்லை. நான் நாற்காலியிலிருந்து எழும்போது அதிகமாக நிகழ்வதுபோல் தோன்றுகிறது. இது என் பிரமையா?

பதில்: பிரமை அல்ல. வாயு உருளையால் உயர்ந்து தாழும் நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் மின்காந்த அதிர்வு ஒன்று உண்டாகி, வீடியோ கேபிளில் பாய்ந்து சிக்னலைக் கலைக்கக்கூடும் என்று டிஸ்ப்ளேலிங்க் நிறுவனம் தன் உதவிக் குறிப்புகளிலேயே எழுதியிருக்கிறது. சிக்னல் கலைந்ததும் மானிட்டர் மீண்டும் கணினியோடு பேசி ஒத்திசைவதற்கு எடுக்கும் நேரமே நீங்கள் காணும் அந்த ஓரிரு நொடி இருட்டு. நாற்காலியிலிருந்து சில முறை வேண்டுமென்றே எழுந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் இல்லாவிட்டாலும் எழும் கணத்தோடு இருட்டு பொருந்தினால், கேபிளைத் தரையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் விலக்கி மேசையின் பின்புறமாகக் கொண்டுசெல்லுங்கள். நல்ல காப்புறை கொண்ட குட்டையான கேபிளுக்கு மாறுங்கள். முனைகளில், மின் குறுக்கீட்டை அடக்கும் ஃபெரைட் வளையம் உள்ள கேபிளும் உதவும்.

நாற்காலியோடு பொருந்தவில்லையென்றால், இரண்டு மானிட்டர்களின் கேபிள்களையும் அடாப்டர் முனையில் இடம் மாற்றுங்கள். இருட்டு மற்ற மானிட்டருக்குத் தாவினால் குறை அடாப்டரிலோ அதன் போர்ட்டிலோ இருக்கிறது. அதே மானிட்டரில் தங்கிவிட்டால் அந்தக் கேபிளையோ மானிட்டரையோ சந்தேகியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியபின் வழக்கமான வேலையைச் சில மணி நேரமாவது செய்து பார்க்க வேண்டும். கேபிள், அடாப்டர், டிரைவர் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் சிக்கல் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாமல் போய்விடும். ரெஃப்ரெஷ் ரேட்டை (ஹெர்ட்ஸ் எண்ணை) குறைத்ததும் இருட்டு நின்றுவிட்டால், தேவையான வேகத்தைச் சுமக்க முடியாத கேபிள் என்பது பெரும்பாலும் உறுதி. எச்டிஎம்ஐ கேபிளில் 18 ஜிகாபிட்டுக்கு ‘பிரீமியம் ஹைஸ்பீட்’, 48 ஜிகாபிட்டுக்கு ‘அல்ட்ரா ஹைஸ்பீட்’ என்ற சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கணினி உறங்கி எழுந்ததும், டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைத்த மானிட்டரில் திறந்து வைத்த சாளரங்கள் எல்லாம் மற்ற மானிட்டருக்குச் சென்று குவிந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் இழுத்து அடுக்க வேண்டியிருக்கிறது.

பதில்: மானிட்டர் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது தன் இருப்பைக் காட்டும் சிக்னலையும் நிறுத்திவிடுவதால், கேபிளைப் பிடுங்கிவிட்டதாகவே கணினி எண்ணிக்கொள்கிறது. விண்டோஸ் 11-இல் டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் ‘மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்’ பகுதியில், மானிட்டர் இணைப்பைப் பொறுத்துச் சாளரங்களின் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வு உள்ளது, அதை இயக்குங்கள். மானிட்டரின் மெனுவில் ‘டீப் ஸ்லீப்’ என்ற தேர்வையும், உள்ளீட்டைத் தானாகத் தேடும் தேர்வையும் அணைத்துவிடுங்கள். இவை இரண்டும் போதாவிட்டால் அந்த மானிட்டரை எச்டிஎம்ஐக்கு மாற்றிப் பாருங்கள். பல மானிட்டர்கள் எச்டிஎம்ஐயில் உறங்கும்போது இணைப்பைத் துண்டிப்பதில்லை.